அச்சாரம் கொடுக்குமுன்

நம் திருமணங்களில் நாதஸ்வரக்காரருக்கும் சமையற்காரருக்கும் தாம்பூலத்தோடு அச்சாரம் கொடுப்பது வழக்கம். கொடுத்தவர் பின்வாங்கினால் தொகையை இழப்பார். வாங்கியவர் அந்நாளில் வேறு பந்தலுக்குப் போகமாட்டார். ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் குடியேறிய பின்னும் இவ்வழக்கத்தை நாம் மறந்தோமில்லை. ஆனால் கடல் கடந்து அச்சாரம் அனுப்பும்போது மட்டும், அதன் பொருளை ஏனோ மறந்துவிடுகிறோம்.

யோகம் பயில வெளிநாடு செல்வதா என்று முதியோர் வியக்கலாம். பத்தமடையில் 1887-ல் பிறந்த சுவாமி சிவானந்தர் 1936-ல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957-ல் மேலைநாடு சென்றார். இன்றோ பாலித் தீவிலும் பஹாமாஸிலும் ஆசிரியப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. அமெரிக்காவில் 1999-ல் தோன்றிய ‘யோகா அலையன்ஸ்’ வகுத்த 200 மணி நேர அளவே பல இடங்களில் வழங்குகிறது. அது ஒரு பதிவேடேயன்றி, அரசாங்க உரிமம் அன்று என்பதை இளைஞர் நினைவிற் கொள்ளவேண்டும்.

நம் அன்பர் ஒருவரின் மகளுக்கு நேர்ந்ததைக் கூறுவோம். அன்னை சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்திலிருந்து 40,000 ரூபாயை அப்பெண் ஒரு வெளிநாட்டுப் பயிற்சிக்கு முன்கூட்டியே அனுப்பினாள். புறப்படப் பத்து நாள் இருக்கையில் தந்தை நோயுற்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டாள். “அச்சாரம் திருப்பித் தரப்படாது, ஓராண்டுக்குள் வேறு வகுப்பில் சேரலாம்” என்று பதில் வந்தது. தந்தை தேறுவதற்குள் அந்த ஆண்டும் கழிந்தது. அவளை எவரும் ஏமாற்றவில்லை. விதி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது. அவள் படிக்கவில்லை, அவ்வளவே.

நிறுவனத்தின் பக்கத்தையும் எண்ணிப் பார்ப்போம். அறைகளுக்கு வாடகையும் ஆசிரியருக்கு ஊதியமும் பேசிய பின் ஓர் இடம் காலியானால் நஷ்டமே. நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, முறிந்த ஒப்பந்தத்திற்கு நியாயமான ஈட்டுத்தொகையே உண்டு என்கிறது. நியாயமான அச்சாரத்தைப் பறிமுதல் செய்வது தண்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றமும் 1969-ல் கூறியது. அயல்நாட்டு ஒப்பந்தத்திலோ பெரும்பாலும் அந்நாட்டுச் சட்டமே குறிக்கப்பட்டிருக்கும். சிறு தொகைக்காக அங்கு சென்று வழக்காடுவார் யார்?

ஆதலின் பணம் அனுப்புமுன் சிலவற்றை எழுத்து மூலம் கேட்டுப் பெறுக. தொகை மொத்தக் கட்டணத்தில் கழிக்கப்படுமா? விசா மறுக்கப்பட்டால் திரும்புமா? வகுப்பை அவர்களே ரத்து செய்தால் என்ன? வேறு தேதிக்கு மாற்ற எத்தனை நாள் முன்னர் அறிவிக்க வேண்டும்? இவற்றிற்குத் தெளிவான விடை தராத இடத்திற்கு ஒரு காசும் அனுப்ப வேண்டாம்.

தனிமனிதரின் கணக்கிற்கு அனுப்பாமல், நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கிற்கே செலுத்துக. கடன் அட்டையாற் செலுத்தினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட வழியுண்டு. ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். எனவே முறையான வழியிருக்கக் குறுக்கு வழி எதற்கு? மோசடி என்று தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்க. தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

பிள்ளைகளின் ஆவலுக்குத் தடை போடுமாறு நாம் சொல்லவில்லை. அவர்கள் சென்று கற்று வரட்டும். கடைசிப் பக்கத்தைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தமர்ந்து ஒருமுறை படித்துவிட்டு, அதன் பின் அச்சாரம் அனுப்பட்டும். இழந்தாலும் வீடு தாங்கும் அளவே அத்தொகை இருக்கட்டும்.