வெள்ளம் வடிந்தாலும் உப்பு வடிவதில்லை

வங்கதேசத்தின் புயல் கணக்கைப் பார்த்தால் முதலில் ஆறுதல்தான் தோன்றும். 1970-இல் போலா புயல் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொண்டுபோயிற்று. 2020-இல் ஆம்பன் புயலுக்கு முன் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் காப்பகங்களில் சேர்த்துவிட்டார்கள். அந்நாட்டில் இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். எச்சரிக்கைக் கொடியும் ஒலிபெருக்கியுமாகக் கிராமம் கிராமமாக அலைந்த தன்னார்வலர்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் சாவை மட்டும் எண்ணி ஆபத்து குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினால், பிழைத்து வீடு திரும்பியவர்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்பது கணக்கிலேயே வராது.

வெள்ளம் அவர்களுக்குப் பழகியதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். பழகியது ஆற்று வெள்ளம். அது வண்டலை விட்டுவிட்டுப் போகும், அடுத்த போகம் செழிக்கும். கடல்நீர் புகுந்தால் கதை வேறு. 2009-இல் ஐலா புயலில் குல்னா, சாத்கிரா மாவட்டங்களில் கரைகள் உடைந்தன. சில இடங்களில் ஏறக்குறைய 2 ஆண்டுகள் உப்புநீர் நாள்தோறும் ஊருக்குள் வந்து வந்து போயிற்று. குளம் உப்பாகிவிட்டால் குடிக்க, சமைக்க, மாட்டுக்குக் காட்ட என்று எதற்கும் உதவாது. பெண்கள் இடுப்பில் குடத்தோடு கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறார்கள். அந்த நடைக்கும் வழியில்லாத நாளில் உப்புநீரையே குடிக்கிறார்கள். குல்னாவின் டாகோப் பகுதியில் கர்ப்பிணிகளை ஆராய்ந்தவர்கள், குடிநீரில் உப்பு கூடக்கூட அவர்களின் ரத்த அழுத்தக் கோளாறுகளும் கூடுவதைக் கண்டார்கள். எந்தப் புயலின் இழப்புப் பட்டியலிலும் இந்தத் தாய்மார்கள் இல்லை.

இந்த உப்பு மனிதர்கள் இழுத்துவிட்ட வினை, பருவநிலை மாற்றத்தின் மேல் பழி போடலாமா என்பது இன்னொரு கேள்வி. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1960-களில் நிலத்தைச் சுற்றிக் கரை எழுப்பினார்கள். கடல்நீரோடு வண்டலும் வெளியே நின்றுபோனதால் உள்ளே இருந்த நிலம் தாழ்ந்தது. பக்கத்துச் சுந்தரவனக் காட்டைவிட 1 மீட்டருக்கு மேல் பள்ளமாகிவிட்ட ஊர்கள் உண்டு. கங்கையின் குறுக்கே 1975-இல் இயங்கத் தொடங்கிய பராக்கா அணை கோடையில் நன்னீர் வரத்தைக் குறைத்தது. இறால் வளர்ப்புக்காகக் கரையைத் துளைத்து உப்புநீரை உள்ளே விட்டவர்களும் இருக்கிறார்கள். இத்தனை பிழைகளால் தாழ்ந்து கிடக்கும் நிலத்தின் மேல்தான் இப்போது கடல் ஏறுகிறது. பழைய பிழைகள் புதிய ஆபத்தைப் பொய்யாக்குவதில்லை, பல மடங்காக்குகின்றன.

கரையை இன்னும் உயர்த்தினால் போதாதா? உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் வண்டல் வராத நிலம் மேலும் தாழும், மழைநீர் வடிய வழியின்றி உள்ளேயே தேங்கும். 1997-இல் ஜெசோர் பகுதியின் பீல் பைனா என்ற தாழ்நிலத்தில் ஊர்மக்களே கரையை வெட்டி ஆற்றை உள்ளே விட்டார்கள். சில ஆண்டுகளில் வண்டல் படிந்து பள்ளம் மேடாயிற்று. அதுவரை அங்கே பயிர் வைக்க முடியாது என்பதுதான் சிக்கல். அந்த ஆண்டுகளில் உழவர் அடுப்பெரிய இழப்பீடும், வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டியும் வேண்டும். உலகக் கரியமில வாயுவில் 1 சதவீதம்கூட வெளியிடாத அந்நாட்டுக்கு, பெரும்பங்கை வெளியிட்ட நாடுகள் முதலில் கொடுக்க வேண்டிய பணம் இந்த இரண்டுக்கும்தான்.