உங்களுக்குத் தெரியுமா? கோவளத்தில் ஓடிய படை செங்கல்பட்டைப் பிடித்தது!

ஆற்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிய வாரிசுப் போரில், முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். 1752-இல் சந்தா சாகிப் கொல்லப்பட்ட பிறகும் கோவளமும் செங்கல்பட்டும் பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தன.

அவற்றை மீட்க ஆங்கிலேயர் தரப்பின் ராபர்ட் கிளைவுக்குக் கிடைத்தவர்கள் 700 பேர்தான். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் 500 பேர், இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய கத்துக்குட்டிகள் 200 பேர். கோவளம் கோட்டையிலிருந்து பாய்ந்த குண்டுக்கு ஒருவர் பலியானதுமே மற்றவர்கள் திரும்பி ஓடினர். காவலுக்கு நின்ற ஒருவரோ மறுநாள் ஒரு கிணற்றுக்குள் பதுங்கியிருந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார்!

அவர்களைத் திட்டியும் தேற்றியும் கிளைவ் நிமிர்த்தினார். கோவளம் பணிந்தது. அது தெரியாமல் செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படையை வழியில் மறித்து, 300 பேரைச் சிறைபிடித்தனர். ஏரியும் சதுப்பும் காத்த செங்கல்பட்டுக் கோட்டையின் மதிலையும் பீரங்கிகள் பிளந்தன. பிரெஞ்சுத் தளபதி சரணடைந்தார்.

புகழ் முழுவதும் கிளைவுக்கே போனது. அந்த 500 சிப்பாய்களுக்கும் அதில் உரிய பங்கு உண்டு.

செங்கல்பட்டு வழியே ரயிலில் போகும்போது கொளவாய் ஏரிப் பக்கம் பாருங்கள். அந்தக் கோட்டையின் எச்சங்களை ஊடறுத்துத்தான் தண்டவாளம் செல்கிறது.