பத்துக் கோல் நிலம் – 7: காய்க்கு நடுவே பூ

மே மாதத்தின் கடைசி வாரம் வரை இங்கிலாந்தின் தோட்டக்காரர்கள் வானத்தை நம்புவதில்லை. பகலில் சட்டையைக் கழற்றச் சொல்லும் வெயில் அடிக்கும். அன்றிரவே உறைபனி இறங்கி, பீன்ஸ் நாற்றையும் டேலியா முளையையும் கருக்கிவிடும். லண்டனில் செல்சி மலர்க்காட்சி நடக்கும் வாரம் கழிந்தால் பயமில்லை என்பது அங்கே பலரும் வைத்திருக்கும் கணக்கு. அது கழிந்ததும் எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். சன்னலோரத்திலும் கண்ணாடிக் கூண்டிலும் வளர்ந்த நாற்றுகள் வெளியே வந்தாக வேண்டும். ஜூன் மூன்றாவது வாரத்தில் லண்டனில் பகல்பொழுது பதினாறரை மணி நேரம். அலுவலகமோ பள்ளிக்கூடமோ முடிந்து ஆறு மணிக்குத் தோட்டத்துக்கு வருகிறவருக்கும் மூன்று மணி நேர வெளிச்சம் மிச்சமிருக்கும். குளிர்நாட்டின் குறுகிய கோடையில் இவ்வளவு விளைவதற்குக் காரணம் அந்த நீண்ட வெளிச்சம்.

அலாட்மென்ட் என்ற வாடகைத் தோட்டம் உருவான கதையைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டு நிலமற்றுப்போன ஏழைகளுக்கு ஒதுக்கப்பட்ட துண்டுகள், 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளாட்சிகளின் கடமையாக மாறின. வழக்கமான ஒரு துண்டின் அளவு பத்துக் கோல், அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. நம் கணக்கில் ஆறேகால் சென்ட், ஒரு கிரவுண்டைவிடச் சற்றுக் கூடுதல். அதில் என்ன விளைய வேண்டும் என்பதை 1922-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நிலம் முழுவதிலுமோ பெரும்பகுதியிலோ, பயிரிடுகிறவரும் அவர் குடும்பமும் உண்பதற்கான காய்கறியோ பழமோ இருக்க வேண்டும்.

பூவைப் பற்றி அந்த வரையறையில் பேச்சில்லை. ஆனால் ஜூலை மாதத்தில் எந்த அலாட்மென்ட் வாசலில் நின்று பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது பூதான். காய்கறிக்குப் போக மீதமிருக்கும் இடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பூ வளர்த்திருக்கிறார்கள். அந்த மீதி இடத்தின் கதையைச் சொல்லாமல் இந்தத் தோட்டங்களின் கதை முழுமையாகாது.

நாட்டிங்ஹாம் நகரில் உள்ள செயின்ட் ஆன்ஸ் தோட்டங்களிலிருந்து தொடங்கலாம். 75 ஏக்கர் பரப்பு, சுமார் 670 துண்டுகள். விக்டோரியா காலத்து நகர்த்தோட்டங்களில் இன்றும் பிழைத்திருப்பவற்றுள் இதுவே மிகப் பெரியது. துண்டுக்குத் துண்டு உயிர்வேலி உண்டு. சிலவற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் செங்கல் கோடைக்குடில்களும் கண்ணாடி வீடுகளும் இன்னும் நிற்கின்றன. லேஸ் பின்னலும் காலுறைத் தறியும் ஓடிய அந்த நகரில், தொடக்கத்தில் கடைக்காரர்களும் வசதியுள்ளவர்களும் எடுத்திருந்த இந்தத் துண்டுகள் பிறகு தொழிலாளர் கைக்கும் வந்தன. அவர்கள் உருளைக்கிழங்கு போட்டார்கள், முட்டைக்கோஸ் போட்டார்கள், ரோஜாவும் வளர்த்தார்கள்.

அந்த ரோஜாக்களை உலகறியச் செய்தவர் சாமுவேல் ரெனால்ட்ஸ் ஹோல் என்ற பாதிரியார். 1858-ல் லண்டனில் முதல் தேசிய ரோஜாக் கண்காட்சியை நடத்திக் காட்டியவர் அவர். ஓர் ஏப்ரல் மாதத்தில் நாட்டிங்ஹாம் தொழிலாளர்களிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. ஈஸ்டர் திங்களன்று தாங்கள் நடத்தும் ரோஜாக் காட்சிக்கு நடுவராக வர வேண்டும் என்பது அழைப்பு. இங்கிலாந்தில் ஏப்ரலில் ரோஜா பூக்காது. யாரோ முட்டாள்கள் தினத்துக்காக விளையாடுகிறார்கள் என்றே அவர் எண்ணினார். பிறகு விசாரித்துப் புறப்பட்டுப் போனார். ஒரு மதுக்கடையின் மாடி அறையில், கண்ணாடிக் கூரைக்கடியில் வளர்த்த ரோஜாக்கள் வரிசையாக நின்றன. வளர்த்தவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடுங்குளிர் இரவுகளில் தங்கள் கட்டில் போர்வையை எடுத்துச் செடிகளுக்குப் போர்த்திய குடும்பங்களைப் பற்றி, 1869-ல் வெளிவந்த தம் ரோஜா நூலில் ஹோல் எழுதியிருக்கிறார். குழந்தைக்குச் சோறு போடத்தான் ஏழைக்கு நிலம் வேண்டும் என்று வாதாடியவர்கள் அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். அது உண்மையான வாதம்தான். போர்வையைப் பூவுக்குக் கொடுத்தவனின் ஆசையும் அதே அளவுக்கு உண்மை.

இனி ஜூலைக்கு வரலாம்.

அலாட்மென்ட் கோடையின் அடையாளப் பயிர் ரன்னர் பீன்ஸ். எட்டடி மூங்கில் கழிகளை இரு வரிசையாக ஊன்றி, உச்சியில் குறுக்காகச் சேர்த்துக் கட்டிக் கூரைபோல நிறுத்துவார்கள். மே நடுவிலிருந்து ஜூன் வரை ஊன்றிய விதை, ஜூலையில் கழியின் நுனியைத் தொட்டுவிடும். பூ செக்கச்செவேலென்றிருக்கும். மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் தாயகமான இந்தக் கொடியை இங்கிலாந்துக்காரர்கள் முதலில் அந்தச் சிவப்புக்காகவே வளர்த்தார்கள். வெகுகாலம் கழித்துத்தான் காயைச் சமைக்கத் தொடங்கினார்கள். ஆக, இன்று காய்கறியாக எண்ணப்படும் இந்தக் கொடி தோட்டத்துக்குள் நுழைந்தது பூச்செடியாகத்தான்.

அதே கழிகளில் ஸ்வீட் பீ என்ற மணமுள்ள பட்டாணிப் பூக்கொடியையும் பலர் ஏற்றிவிடுகிறார்கள். அதன் விதையை 1699-ல் சிசிலியிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பியவர் குப்பானி என்ற துறவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஷ்ராப்ஷையரின் வெம் என்ற சிற்றூரில் ஹென்றி எக்ஃபோர்ட் அதைப் பல நிறங்களில் பெருக்கினார். 1911-ல் ‘டெய்லி மெயில்’ நாளிதழ் நாட்டின் சிறந்த ஸ்வீட் பீ கொத்துக்கு 1,000 பவுன் பரிசு அறிவித்தபோது பல்லாயிரம் கொத்துகள் லண்டனுக்கு வந்து குவிந்தன. ஸ்காட்லாந்தின் எல்லையோரச் சிற்றூர் ஒன்றின் பாதிரியாருடைய மனைவிக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்தப் பணம் அவர்கள் தேவாலயத்தின் கட்டட வேலைக்குப் போனது.

இரண்டு கொடிகளையும் ஒன்றாக ஏற்றுவதில் காரணம் இருக்கிறது. ரன்னர் பீன்ஸ் நன்றாகக் காய் பிடிக்க வண்டு வர வேண்டும். நீண்ட நாக்குள்ள பம்பிள் தேனீக்கள் முறைப்படி பூவின் வாய் வழியே நுழைந்து மகரந்தத்தைக் கடத்துகின்றன. குட்டை நாக்குள்ளவை பூவின் அடியில் துளையிட்டுத் தேனை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பக்கத்தில் பூ நிறைந்திருந்தால் எல்லா வகையும் வரும், காய்க்கும் பயன் கிடைக்கும். பராமரிப்பிலும் இரண்டும் ஒன்றே. ஸ்வீட் பீ பூவைப் பறிக்காமல் விட்டால் விதை கட்டும், விதை கட்டியதும் பூப்பது நின்றுவிடும். பீன்ஸைப் பிஞ்சில் பறிக்காமல் விட்டால் நார் ஏறும், கொடியும் ஓயும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூடையோடு வந்தே தீர வேண்டும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள், பறித்துக்கொள்ளும்படி பக்கத்துத் துண்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதும் இதனால்தான்.

தக்காளிப் பாத்திக்கு வந்தால் தமிழ் வாசகர்களுக்குப் பழகிய முகம் ஒன்று இருக்கும். நம் ஊர்ச் செண்டுமல்லியின் நெருங்கிய உறவான குட்டைச் செடியைத் தக்காளியின் காலடியில் நடுகிறார்கள். வெள்ளை ஈ அண்டாது என்று நெடுங்காலமாகத் தோட்டக்காரர்கள் சொல்லிவந்தார்கள். நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் அதைச் சோதித்து, செடி காற்றில் விடும் லிமோனின் என்ற வேதிப்பொருள் வெள்ளை ஈயைத் தடுக்கிறது என்று கண்டார்கள். எலுமிச்சைத் தோலின் மணத்துக்கும் அதுவே காரணம். தமிழ்நாட்டில் செண்டுமல்லிக்கு வேறு வேலை. பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நட்டால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி பூவைத் தேடிப்போய் முட்டையிடும், தக்காளி தப்பும். ஒரே குடும்பத்துப் பூ, ஓரிடத்தில் விரட்டுகிறது, ஓரிடத்தில் இழுக்கிறது.

பிராட் பீன்ஸின் நுனியில் கறுப்பு அசுவினி மொய்க்கும். அது பெருகும் முன் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். நாஸ்டர்ஷியம் என்ற ஆரஞ்சுப் பூக்கொடியை ஓரத்தில் படரவிட்டால் அசுவினியிலும் முட்டைக்கோஸ் பட்டாம்பூச்சியிலும் ஒரு பங்கு அங்கே போய்விடும். காட்டுப்புறாவுக்கு வலைதான் வழி. ஓடில்லா நத்தைக்கு, இரவில் விளக்கோடு வந்து பொறுக்குவதைவிட நம்பகமான வழி இன்றுவரை குறைவு.

இவற்றையெல்லாம் சமாளிக்கலாம். ஜூலை, ஆகஸ்டு மழையோடு வரும் இலைக்கருகலைத்தான் சமாளிக்க முடியாது. 1845-ல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் சாகக் காரணமான அதே பைட்டோஃப்தோரா நுண்ணுயிர் இன்றும் உருளையையும் தக்காளியையும் ஒருசேர அழிக்கிறது. அடுத்தடுத்த இரண்டு நாள்களில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்காமலும், ஒவ்வொரு நாளும் குறைந்தது ஆறு மணி நேரம் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் அல்லது அதற்கு மேலும் இருந்தால் எச்சரிக்கை விடுக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் நிறுவனம் வகுத்த அளவுகோல் அது. துண்டுகள் ஒட்டியொட்டி இருப்பதால் ஒருவர் பாத்தியில் கண்ட கறுப்புப் புள்ளி ஒரு வாரத்தில் எல்லோருடையதும் ஆகிவிடும். உடனே உருளையின் தழையை அறுத்து அப்புறப்படுத்தினால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கையாவது காப்பாற்றலாம். தக்காளிக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. நான்கு மாதம் நாற்றிலிருந்து வளர்த்தவர் ஒரே மாலையில் எல்லாவற்றையும் பிடுங்கிப்போடுவதைப் பார்க்க எந்தத் தோட்டக்காரருக்கும் மனம் கனக்கும்.

மழை வராவிட்டால் துயரம் வேறு மாதிரி. 1976-ஆம் ஆண்டு வறட்சியில் டெனிஸ் ஹோவல் என்பவரை வறட்சிக்கென்றே அமைச்சராக நியமித்தார்கள். பல ஊர்களில் குழாய்விட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சத் தடை. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷையரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டனில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது அதுவே முதல்முறை. அந்த வெக்கையில் ரன்னர் பீன்ஸ் பூவெல்லாம் பிஞ்சாகாமல் உதிரும். கொட்டகைக் கூரையில் விழும் மழையைப் பீப்பாயில் பிடித்துவைத்துப் பூவாளியால் வேருக்கு மட்டும் ஊற்றும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. மண்ணும் கைகொடுக்கிறது. லெஸ்டர் நகர அலாட்மென்ட்களின் மண்ணில் சுற்றுப்புற வயல்களைவிட 32 சதவீதம் கூடுதலாக அங்ககக் கரிமம் இருப்பதாக 2014-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆண்டாண்டாய் மட்கும் தொழுவுரமும் போட்டதன் பலன் அது. அப்படிப்பட்ட மண் தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

இரண்டாம் உலகப்போர் பூவுக்கு வந்த பெரிய சோதனை. ‘வெற்றிக்காகத் தோண்டுங்கள்’ இயக்கத்தில் பூப்பாத்திகள் வெங்காயப் பாத்திகளாயின. லண்டன் கோபுரத்தின் அகழியில்கூடக் காய்கறி விளைந்தது. 1943-க்குள் அலாட்மென்ட்களின் எண்ணிக்கை சுமார் 14 லட்சத்தை எட்டியது. அதே ஆண்டில் ரயிலில் பூ அனுப்பத் தடை வந்தது. ஆனாலும் தென்மேற்குக் கரையிலிருந்து மக்கள் பெட்டிக்குள் பூவை மறைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். குண்டு விழும் நகரில், ரேஷன் வரிசைக்கு நடுவே, ஒரு கொத்து டாஃபடிலுக்குக் காசு கொடுக்க ஆளிருந்தது. தடை சில மாதங்களில் தளர்ந்தது.

ஆகஸ்டு பிற்பகுதி போட்டிகளின் காலம். வடகிழக்கில், நார்தம்பர்லாந்தின் ஆஷிங்டன் போன்ற சுரங்க ஊர்களில் லீக்ஸ் என்ற வெங்காய வகையை வளர்ப்பது தனிக் கலை. உர ரகசியங்களைத் தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். போட்டி நெருங்கும்போது எதிராளி வந்து வெட்டிவிடாதபடி இரவில் காவல் படுத்தவர்களும் உண்டு. 1934-ல் ஓவியம் கற்கக் கூடிய ஆஷிங்டன் சுரங்கத் தொழிலாளர் குழு, தங்கள் அலாட்மென்ட்களையும் வரைந்து வைத்திருக்கிறது. லீக்ஸ் மேசைக்குப் பக்கத்து மேசையில் அதே மனிதர்களின் டேலியாவும் செவ்வந்தியும் இருக்கும். நாளெல்லாம் பூமிக்கு அடியில் நிலக்கரி வெட்டியவர்கள் தட்டளவு டேலியாவை ஓர் இதழ் மடங்காமல் மேசைக்குக் கொண்டுவந்தார்கள்.

நாட்டிங்ஹாம், லெஸ்டர், பர்மிங்ஹாம் தோட்டங்களில் கடந்த அரை நூற்றாண்டாகப் புதிய கைகள் சேர்ந்திருக்கின்றன. கரீபியத் தீவுகளிலிருந்தும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் வந்தவர்கள் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, கொண்டைக்கடலை, சுரை என்று விதைத்தார்கள். குளிர் மண்ணில் இவை எப்படி விளைகின்றன என்ற அந்த அனுபவ அறிவைக் கவென்ட்ரிக்கு அருகில் இயங்கிய கார்டன் ஆர்கானிக் அமைப்பு, ‘புதிய விதைகள் விதைத்தல்’ என்ற பொருள்படும் திட்டத்தின் மூலம் திரட்டியது. சுரைக்குக் கண்ணாடியோ பாலித்தீன் கூடாரமோ வேண்டும். அதன் வெள்ளைப் பூ அந்திக்குமேல் விரிவதால், பலர் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் கையாலேயே தேய்த்துவிடுகிறார்கள். நம் பக்கத்துக் கொல்லைகளில் இந்த வேலையை இரவுப் பூச்சிகள் பார்த்துக்கொள்ளும்.

செப்டம்பரில் கடைசிக் கட்டம் தொடங்குகிறது. முற்றிய ரன்னர் பீன்ஸ் நெற்றுகளைக் கொடியிலேயே காயவிட்டு, ஊதாவில் கறுப்புப் புள்ளியிட்ட விதைகளை அடுத்த ஆண்டுக்கு உரித்து வைப்பார்கள். டேலியா முதல் உறைபனி வரை பூத்துக்கொண்டே இருக்கும். தழை கறுத்ததும் தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, குளிர் தாக்காத கொட்டகையில் தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். உருளைப் பாத்தி காலியானதும் அங்கே பூண்டு வகைகளும், நவம்பரில் பிராட் பீன்ஸும் ஊன்றலாம்.

பூவுக்கும் காய்க்கும் எவ்வளவு இடம் என்பதை ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் தோட்டக்காரர் விருப்பத்துக்கே விட்டார்கள். ஜெர்மனியில் 2004-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, நிலத்தில் மூன்றில் ஒரு பங்காவது காய்கறிக்கும் பழத்துக்கும் வேண்டும் என்று அளந்தே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பையும், 1864-ல் லைப்சிக் நகரில் பிள்ளைகள் விளையாடும் திடலுக்காகத் தொடங்கிய ஷ்ரேபர் சங்கம் தோட்டக்காரர் சங்கமாக மாறியதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)