அறுத்த இலையை எங்கே வைப்பது?

கரையான் அரிக்காமல் இருக்க, மரக்கட்டைகளை ஆர்சனிக், குரோமியம், தாமிரம் கலந்த மருந்தில் ஊறவைக்கும் வழக்கம் அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்தது. புளோரிடாவில் அப்படி ஓரிடத்தில் கட்டைகள் போய்விட்டன, விஷம் மண்ணில் தங்கிவிட்டது. அந்த மண்ணில் செழித்து நின்ற ஒரு பெரணிச் செடியைப் பற்றி லேனா மா தலைமையிலான குழு 2001-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. நம்மூர்க் கிணற்றுச் சுவர் இடுக்கிலும் முளைக்கிற ‘டெரிஸ் விட்டாட்டா’தான் அது. ஆர்சனிக் கலந்த தொட்டி மண்ணில் வளர்த்தபோது, ஆறே வாரத்தில் காய்ந்த இலையின் எடையில் 2.3 சதவீதம் ஆர்சனிக். அதாவது, கிலோவுக்கு 23 கிராம்!

மண்ணைச் சுத்தம் செய்யும் செடி என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் செடி விஷத்தை அழிப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறது. அறுவடை நாளில்தான் தலைவலி தொடங்குகிறது. ஆடு மாடு வாய் வைக்காமல் அறுத்த இலைக் கட்டுகளைக் காப்பதே ஒரு வேலை.

மக்க வைத்தால் அளவு குறையும். ஆனால் இலையிலுள்ள ஆர்சனிக் பெரும்பாலும் தண்ணீரில் கரைவது, ஒரு மழை போதும், மறுபடி மண்ணுக்கே போய்விடும். எரித்தால்? சாம்பல் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்கிற ஆர்சனிக் ஆக்சைடு, சூட்டில் ஆவியாகிப் புகையோடு கிளம்பும். புகையைக் குளிர்வித்து வடிகட்டும் வசதி இல்லாத உலையில் இதைப் போடுவது, நிலத்து விஷத்தை ஊர்க் காற்றில் தூவுவதுதான்.

தண்ணீரில் கரையும் அந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொள்வது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. இலையை ஊறவைத்து ஆர்சனிக்கைப் பிரித்து, அந்தச் சாற்றில் மக்னீசியம் உப்பு சேர்த்து வண்டலாகப் படியவைக்கலாம். விஷம் நீங்கிய சக்கையைச் சாண எரிவாயுக் கலனைப் போன்ற கலனில் போடலாம். ஆய்வகத்தில் இது நடந்திருக்கிறது.

நிக்கலை உறிஞ்சும் செடியின் கதை வேறு. மலேசியாவின் சபாவில், நம் கீழாநெல்லிக்கு உறவான ஒரு புதர் இயற்கையாகவே நிக்கல் மிகுந்த மண்ணில் வளர்கிறது. சுரங்கத் தாதுவில் நிக்கல் ஒன்றிரண்டு சதவீதம்தான், இந்தப் புதரின் சாம்பலிலோ பத்துக்கும் மேல். அதனால் அங்கே அறுவடையை உலோகப் பயிராகவே பார்க்கிறார்கள்.

ஆர்சனிக்கை அப்படி விலை கொடுத்து வாங்க ஆள் கிடைப்பது அரிது. பெரணிக் கட்டு கணக்கில் குப்பையாகத்தான் ஏறும். அதை ஏற்றிப்போகும் லாரி வாடகையையும், பாதுகாப்பாகப் புதைக்கும் கிடங்கின் கட்டணத்தையும் சேர்த்துத்தான், இந்தச் செடி வைத்தியம் மலிவா இல்லையா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.