உங்களுக்குத் தெரியுமா? பிள்ளை பெற்றவளுக்கு 98 நாள் சம்பளம்!

போர்டிக்சன் என்றதும் தெலுக் கெமாங் கடற்கரைதான் நினைவுக்கு வருகிறதா? கொஞ்சம் உள்ளே வாருங்கள்! சுவா பெத்தோங், பிராட்வால், ஆதர்டன், சுங்காலா, லின்சம்... எல்லாம் நம் தாய்மார்கள் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டங்கள். அந்தத் தாய்மார்களுக்குப் பிரசவத்தின்போது முதலாளி படி கொடுக்க வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் எப்போதே சொல்லிவிட்டது தெரியுமா? 1923-லேயே!

அதே சட்டம்தான் தோட்டத்தில் 7 முதல் 14 வயதுவரை 10 பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வை என்றது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே சட்டம்!

அடுத்து 1955 வேலைவாய்ப்புச் சட்டம். நடைமுறைக்கு வந்த நாள் 1957 ஜூன் 1. மெர்டேக்காவுக்கு மூன்று மாதம் முன்பே வந்துவிட்டது! அதில் மகப்பேறு விடுமுறை 60 நாள்.

அந்த 60 எத்தனை காலம் நீடித்தது தெரியுமா? 2022 டிசம்பர் 31 வரை! 1957-ல் பிறந்த பெண் குழந்தை வளர்ந்து, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை எடுத்து, 65 வயதைத் தொட்டபோதும் அதே 60 நாள்தான்!

2023 ஜனவரி 1 முதல் 98 நாள். ஒரே இரவில் 38 நாள் கூடுதல்! ஏன் 98? அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் குறித்தது 14 வாரம். பதினாலை ஏழால் பெருக்கிப் பாருங்கள்!

அப்பாவுக்கு? 2022 வரை தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. இப்போது தொடர்ச்சியாக 7 நாள், சம்பளத்தோடு!

பால்மரம் வெட்டுகிறவருக்கு மாதச் சம்பளம் இல்லையே, அந்த விடுமுறைக்கான பணத்தை, அதாவது மகப்பேறு அலவன்ஸை, எப்படிக் கணக்கிடுவார்கள்? இதுதான் நான் கண்டதிலேயே அருமையான விஷயம். முந்திய சம்பளக் காலத்தில் வாங்கிய கூலியை, உண்மையில் வேலை செய்த நாட்களால் மட்டும் வகுக்க வேண்டும். மழை பெய்து வெட்டு இல்லாமல் போன நாள் வகுத்தலில் சேராது! 10 நாள் மழையென்று ஒரு நாள் கூலியைக் குறைத்துக் காட்ட முடியாது!

இந்த அலவன்ஸ் கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய 9 மாதத்தில் 90 நாள் அந்த முதலாளியிடம் வேலை பார்த்திருக்க வேண்டும். கடைசி 4 மாதத்தில் ஒரு நாளாவது அவரிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் வேலையை விட்டபின் பிள்ளை பெற்றாலும் அலவன்ஸ் உண்டு! போகும் முன்பே முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்!

'எனக்கு மகப்பேறு உரிமை வேண்டாம்' என்று வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்களா? செல்லாது! சட்டத்தின் 43-ஆவது பிரிவு அந்த வரியையே ரத்தாக்கிவிடுகிறது!

விடுமுறை முடிந்தும் பிரசவத்தால் வந்த நோய் தீரவில்லையா? மருத்துவர் சான்று தந்தால், அந்தக் காரணத்தைக் காட்டி மேலும் 90 நாளுக்கு வேலையை விட்டு நீக்க முடியாது!

உயிரோடு 5 பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தால்? விடுமுறை உண்டு, அலவன்ஸ் பூஜ்ஜியம்! மூத்தவன் கல்யாணமாகிப் பினாங்கில் குடியிருந்தாலும் கணக்கில் வருவான். சட்டத்தில் பிள்ளைக்கு வயதே கிடையாது! இந்த விதியை எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள், மனம் கொதிக்கும். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இந்த மகப்பேறு அத்தியாயமே பொருந்தாது! அடுத்தவர் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற கைக்குச் சட்டம் தரும் நாட்கள் 0!

சரி, வேலைக்குத் திரும்பும் நாளுக்கு வருவோம். தோட்டத்தில் பிள்ளையை விட்டுச்செல்ல ஒரு வழி இருந்தது: ஆயாக் கொட்டகை! விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே மரத்தடிக்குப் போயாக வேண்டும். கைக்குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிவந்து ஆயாவிடம் கொடுத்துவிட்டுத்தான் அம்மா பெரட்டுக்கு ஓடுவார். வரிசையாகத் தொட்டில்கள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா! நகரத்து அலுவலகங்கள் குழந்தைக் காப்பகம் பற்றி யோசிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் தோட்டத்தில் தொட்டில் ஆடியது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தொழிலாளர் குடியிருப்போடு குழந்தைக் காப்பகத்தையும் சேர்த்தே பேசுகிறது!

வேலை நேரத்தில் பாலூட்ட இடைவேளை? 1919-லேயே அனைத்துலக உடன்படிக்கை நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு அரை மணி என்றது. இலங்கையில் இன்றும் சட்டப்படி இரண்டு இடைவேளை உண்டு. காப்பகம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி! மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தில்? ஒரு நிமிடம்கூட இல்லை!

நீதிமன்றம் போன தாய்மார்களும் உண்டு. 1991-ல் கர்ப்பத்தால் வேலை இழந்தவர் விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் ஃபெர்னாண்டஸ். நீதிமன்றப் படிகளில் ஏறி 2005-ல் கூட்டரசு நீதிமன்றம்வரை போய்த் தோற்றார். 14 ஆண்டுப் போராட்டம்!

ஆனால் 2011-ல் காற்று திரும்பியது! தற்காலிக ஆசிரியை நூர்ஃபாடிலா கர்ப்பமாக இருந்ததால் வேலை மறுக்கப்பட்டார். அது பாலினப் பாகுபாடுதான் என்று ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது!

மற்ற நாடுகளில் எப்படி? ஜெர்மனி 1878-ல் கொடுத்தது 3 வாரம், சம்பளமே இல்லாமல்! அமெரிக்காவில் தனியார் துறைக்கு நாடு தழுவிய சம்பள மகப்பேறு விடுமுறைச் சட்டம் இன்றும் இல்லை! இந்தியா 2017-ல் 12 வாரத்தை 26 ஆக்கியது. தமிழ்நாட்டு அரசு ஊழியைக்கு 2021 ஜூலை முதல் எத்தனை நாள் தெரியுமா? 365!

மறுபடி நம் நாட்டுக்கு வருவோம். தாய்ப்பால் எடுக்கும் பம்ப் வாங்கினால் மலேசியாவில் வருமான வரிக் கழிவு உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 1,000 வெள்ளிவரை! 2 ஆண்டோ அதற்கு மேலோ வேலையை விட்டிருந்து திரும்பும் பெண்ணின் சம்பளத்துக்கு 12 மாத வரிவிலக்கும் உண்டு. டேலண்ட்கார்ப் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ முழுகாமல் இருக்கிறாரா? இதை இன்றே சொல்லிவிடுங்கள். பிரசவத் தேதிக்கு முந்திய 60 நாளுக்குள் முதலாளிக்குத் தகவல் தர வேண்டும். தராவிட்டால் தரும்வரை அலவன்ஸை நிறுத்திவைக்கலாம்! விடுமுறையைப் பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே தொடங்கலாம். தகவலை எழுத்திலேயே கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியும் பணம் வரவில்லையென்றால் நேரே தொழிலாளர் இலாகாவுக்குப் போய்ப் புகார் கொடுங்கள்!