'ஆமா' போடுகிறவரைக் கவனியுங்கள்!

நேற்று ஆபீஸுக்கு ஏன் லேட் என்பதை மேனேஜரிடம் ஒரு மாதிரியும், கேன்டீனில் நண்பனிடம் வேறு மாதிரியும் சொல்லத் தெரியாதவர் நம்மில் யார்? அங்கே 'பஸ் பிரேக் டவுன் சார்'. இங்கே 'செகண்ட் ஷோடா மச்சி'. ஆளுக்குத் தகுந்த கதை! இதை ராத்திரி முழுக்க ஓர் ஊரையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டு செய்கிறவர்கள் நம் வில்லுப்பாட்டுக்காரர்கள்.

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கோயில் கொடை என்றால் வில்லுதான் விசேஷம். மணிகள் கட்டிய நீள வில். அதன் நாணில் வீசுகோலைத் தட்டிக்கொண்டே அண்ணாவி கதை சொல்வார். குடம், உடுக்கை, ஜால்ரா எல்லாம் கூட வரும். பக்கத்தில் ஒருத்தர் 'ஆமா... ஆமா' போட்டுக்கொண்டிருப்பார். சும்மா தலையாட்டுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டம் கொட்டாவி விட்டால் குறுக்குக் கேள்வி போட்டுக் கதையைத் திருப்பிவிடுவதும் அவர்தான்.

ஒரு கொடையில் டீ குடிக்க எழுந்துவந்த பெரியவரைப் பிடித்தேன். "அண்ணாச்சி, எல்லாம் மனப்பாடமா?"

"கதை மனப்பாடம்தான் தம்பி. எங்க இழுக்கணும், எங்க ஓடணும்கிறது ஆளைப் பாத்துதான். ஒம்பது மணிக்குப் பொம்பளைங்க, பிள்ளைங்க இருப்பாங்க. கல்யாண வீட்டை விரிச்சுச் சொல்லுவேன், என்ன நகை, என்ன கூட்டுன்னு. பன்னெண்டு மணிக்கு சாமி எறங்கணும். அப்ப போயி ஜோக் அடிச்சா உதைதான் விழும்!"

சாமி வரத் தாமதமானால் அதே கட்டத்தைத் திரும்பத் திரும்ப, வேகத்தை ஏற்றி ஏற்றிப் பாடுவாராம்.

இதுவரை ரசிக்கலாம். ஆனால் முத்துப்பட்டன் கதைக்கு நடந்ததை என்னால் ரசிக்க முடியவில்லை.

முத்துப்பட்டன் பிராமணப் பிள்ளை. காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைப் பார்த்து மயங்குகிறான். அப்பா வாலப்பகடை செருப்புத் தைக்கிறவர். "பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கத்துக்கிட்டு வா" என்கிறார் அவர். மாப்பிள்ளை அப்படியே செய்கிறான்! இருவரையும் கட்டிக்கொள்கிறான். மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். மனைவியர் இருவரும் தீயில் இறங்குகிறார்கள்.

முன்னால் உட்கார்ந்திருந்த சிலருக்கு இந்தக் கல்யாணம் தொண்டையில் சிக்கியிருக்கிறது. எனவே வேறொரு வடிவம் முளைத்தது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்களாம். காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம்! 1971-ல் இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நா.வானமாமலை, இது பின்னால் செருகியது என்று காட்டியிருக்கிறார். கேட்கிறவன் முகம் சுளிக்கக் கூடாது என்று கதையின் உயிரையே எடுத்துவிட்டார்கள். இதற்கு 'ஆமா' போட எனக்கு வாய் வரவில்லை.

"நீங்க எப்படிப் பாடுவீங்க?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார். "பந்தல் போட்டவன் சொன்னா, எடுத்து வளத்த பிள்ளைன்னு ஒரு வரி பாடிருவேன், தம்பி. வயித்துப்பாடு. ஆனா மாப்பிள்ளை செருப்புத் தைக்கிற எடத்தை எந்த ஊர்லயும் விட்டதில்ல. அதை நல்லா இழுத்துத்தான் பாடுவேன்."

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் பட்டவராயனாக நிற்கிறான். ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் பார்க்கலாம். அவன் சன்னதியில் பக்தர்கள் காணிக்கையாகக் கட்டுவது, தோல் செருப்பு.