மணம் வேறு, மயக்கம் வேறு

தை, மாசியில் கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போயிருக்கிறீர்களா? கொடிவேரி வாய்க்கால் தண்ணீரில் விளைந்த மஞ்சளைத் தோண்டி, வேகவைத்து, களத்தில் காயப் போட்டிருப்பார்கள். களம் கண்ணில் படுவதற்கு முன்பே வாசனை வந்து நம்மை அழைக்கும். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் இந்தப் பகுதிக்காரர்களுக்குப் பெருமைதான்.

அந்த மஞ்சளுக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. நிறத்தைக் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். 100 கிராம் மஞ்சளில் 3 கிராம் போல இருக்கும். ஆனால் அதைத் தனியே பிரித்து முகர்ந்தால் மஞ்சள் வாசனை வராது. வாசனையைக் கொடுப்பது டர்மரோன் என்ற வேறொரு எண்ணெய்ப் பொருள். நிறம் ஒன்று, மணம் ஒன்று. இரண்டும் ஒரே கிழங்கில் குடியிருக்கின்றன. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செடிகளின் மணப் பொருள்களில் பெரும்பகுதி 'டெர்பீன்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பூச்சியை விரட்டவும் தேனீயை வரவழைக்கவும் செடி தயாரித்துக்கொள்ளும் சரக்கு இது. நம் அஞ்சறைப் பெட்டியும் காய்கறிக் கூடையும் இதில்தான் மணக்கின்றன. கொத்தமல்லி விதையில் லினலூல், மிளகில் கேரியோஃபிலின், எலுமிச்சைத் தோலில் லிமோனின். எலுமிச்சைத் தோலை விளக்குச் சுடருக்கு அருகில் மடித்துப் பிதுக்கினால் சடசடவென்று பொறி பறக்குமே, எரிவது அந்த லிமோனின்தான். டெர்பீன் சீக்கிரம் ஆவியாகிவிடும். மிளகை அப்போதைக்கப்போது பொடித்துப் போட்டால் ரசம் மணக்கிறது, போன மாதம் அரைத்த பொடி மணப்பதில்லை என்றால் காரணம் இதுதான்.

"இதெல்லாம் சரி, இப்போது எதற்கு?" என்கிறீர்களா? கோபியில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்விதான் காரணம். "ஏனுங்க்கா, கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கிற எம் பையன் என்னென்னமோ சொல்றானுங்க. எலுமிச்ச வாசன அடிக்கிற கஞ்சா மனசுக்கு உற்சாகம் குடுக்குமாமுங்க. மாம்பழ வாசன அடிக்கிறது தூக்கம் குடுக்குமாமுங்க. எல்லாம் செடியோட இயற்கை வாசனதான், ஒண்ணும் பண்ணாதுங்கறானுங்க. நெசமுங்களா?"

அந்த அம்மாள் பதறாமல் கேட்டாரே, அதைப் பாராட்ட வேண்டும். பையன் சொன்னதில் பாதி உண்மை, பாதி கடைக்காரன் பேச்சு. கனடாவில் 2018 முதல் பெரியவர்களுக்குக் கஞ்சா விற்பது சட்டப்படி அனுமதி. அப்படி அனுமதி உள்ள ஊர்களில் ரகத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு வாசனை, வாசனைக்கு ஒரு பலன் என்று எழுதி வைத்து விற்கிறார்கள். அது கைப்பேசி வழியாக நம் பிள்ளைகள் காதுக்கு வந்து சேர்கிறது.

உண்மைப் பாதி இது. கஞ்சாவின் வாசனைக்குப் பெரிதும் காரணம் டெர்பீன்கள்தான். எலுமிச்சையின் லிமோனின், மாம்பழத்தில் இருக்கும் மிர்சீன், பைன் மரத்தின் பைனீன், மிளகின் கேரியோஃபிலின் எல்லாம் அதில் உண்டு. ரகத்துக்கு ரகம் அளவு மாறுவதால் வாசனையும் மாறுகிறது. ஆனால் போதையைக் கொடுப்பது இவை எதுவும் இல்லை. டி.எச்.சி. என்ற வேறொரு பொருள். 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம், யெகியேல் கவோனி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து இன்னதென்று காட்டினார்கள். அதற்கென்று வாசனை கிடையாது. மஞ்சள் கதையேதான்!

அப்படியானால் வாசனைக்குப் பங்கே இல்லையா? இருக்கலாம் என்று ஈத்தன் ரூஸோ என்ற அமெரிக்க மருத்துவர் 2011-ல் எழுதினார். டெர்பீன்கள் டி.எச்.சி.யோடு கூடி அதன் வேலையை மாற்றக்கூடும் என்பது அவர் யோசனை. கடைக்காரர்கள் 'கூடும்' என்பதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்கள். 2024-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனையில், சுமார் 20 பேருக்கு லிமோனினையும் டி.எச்.சி.யையும் அளந்து ஆவியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். லிமோனினை மட்டும் கொடுத்தபோது வெறும் ஆவிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, டி.எச்.சி.யால் வரும் படபடப்பும் பயமும் சற்றுக் குறைந்தன. மற்றபடி போதை குறையவில்லை. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தார் 2021-ல் ஏறத்தாழ 300 மாதிரிகளை ஆராய்ந்ததில், 'இது தூக்க ரகம், இது உற்சாக ரகம்' என்று பிரிக்கும் பெயர்களுக்கும் செடியின் பரம்பரைக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு என்று தெரிந்தது.

அளந்து, சீட்டு ஒட்டி விற்கும் இடத்திலேயே இந்த லட்சணம். ஒளித்து விற்கும் பொட்டலத்தில் டி.எச்.சி. எவ்வளவு என்று யார் சொல்வது? இருபது வயதுக்குப் பிறகும் மூளை வளர்ந்துகொண்டே இருக்கிறது. வீரியமானதை நாள்தோறும் புகைக்கும் இளைஞர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சட்டமும் வாசனை பார்ப்பதில்லை. 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டப்படி, கையில் 'சிறிய அளவு' கஞ்சா இருந்தாலே ஓராண்டு வரை சிறை உண்டு. பையனிடம் கத்த வேண்டாம். "வாசனை எலுமிச்சையுடையது, மயக்கம் அதனுடையது இல்லை கண்ணு" என்று இந்த விவரங்களைச் சொல்லிப் பாருங்கள் என்றேன்.

இதைப் படித்துவிட்டு டெர்பீன் என்றால் வெறும் வாசனைதானே என்று கைக்குழந்தைக்காரிகள் நினைத்துவிடக் கூடாது. இலையிலும் விதையிலும் துளியாக இருக்கும்போது அது சாது. பிழிந்து புட்டியில் அடைத்தால் குணமே வேறு. யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பகுதி சினியோல் என்ற டெர்பீன் வகைப் பொருள்தான். கற்பூரமும் அதே குடும்பம். இன்று கடையில் வாங்கும் பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் பைன் மரத்து டர்பென்டைனிலிருந்து செய்யப்படுகிறது.

சளி என்றதும் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிப் பச்சைக் குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதும், மூக்கடியில் தைலம் தடவுவதும் நம் பக்கம் சகஜம். தடவியது தோல் வழியாக உள்ளே போகும், மூச்சிலும் ஏறும். மென்தால் கலந்த தைலத்தை மூக்கருகே வைத்தால் சிசுவுக்கு மூச்சே திணறலாம். இரண்டு வயது ஆகும்வரை இவை எதுவும் வேண்டாம். வாய்க்குள் போனாலோ நிலைமை இன்னும் மோசம். ஒரு டீஸ்பூன் யூகலிப்டஸ் தைலம் குழந்தையை நினைவிழக்கச் செய்யும். 1 கிராம் கற்பூரம் உயிருக்கே ஆபத்து. சில நிமிடங்களிலேயே வலிப்பு வந்துவிடும். மிட்டாய் போலிருக்கும் அந்த வெள்ளை வில்லையைப் பூஜை மாடத்தின் கீழ்த்தட்டில் வைக்கும் வழக்கத்தை இன்றே மாற்றுங்கள்.

பெரியவர்களும் தப்புவதில்லை. தென்னிந்திய மருத்துவமனைகள் சிலவற்றில் நான்காண்டு கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வலிப்போடு வந்த 350 பேரில் 55 பேருக்கு இம்மாதிரித் தைலங்களோடு தொடர்பு தெரிந்தது. வலிப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், தைலப் புட்டியின் சீட்டைப் படித்துவிட்டு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குழந்தை விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பு வந்திருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 108-ஐக் கூப்பிடுங்கள். மறக்காமல் அந்தப் புட்டியையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.